திட்ட மேலாண்மையில் முதுகலைப் பட்டம்: யாருக்கு, எப்போது?

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளையோ பெண்ணோ பொறியியற் படிப்பை முடிக்கும் தறுவாயில், "அடுத்து என்ன?" என்ற கேள்வி தவறாமல் எழுகின்றது. அண்மைக் காலமாக அதற்குக் கிடைக்கும் விடைகளுள் திட்ட மேலாண்மையில் முதுகலைப் பட்டம் என்பதும் ஒன்று. ஊரிலுள்ள வீட்டை அடகு வைத்தேனும் பிள்ளையை இதற்காக அயல்நாட்டுக்கு அனுப்பத் துணியும் பெற்றோர் உளர். பெருந்தொகையும் இளமையில் ஓரிரண்டு ஆண்டுகளும் செலவாகும் காரியமாதலின், அக்கல்வியின் இயல்பை அறிந்து இறங்குதல் நலம்.

பெயரைக் கேட்டு மருள வேண்டியதில்லை. தொடக்கமும் முடிவும் உடைய ஒரு பணியைக் குறித்த காலத்தில், குறித்த செலவில், குறித்த தரத்தில் முடிப்பதற்குரிய முறையே திட்ட மேலாண்மை. பாலமும் அணையும் மட்டுமல்ல, நம் இல்லத் திருமணமும் இவ்வகையைச் சேர்ந்ததே. தில்லியிலோ மும்பையிலோ இருந்துகொண்டு கும்பகோணத்தில் மகளுக்கு மணம் முடிக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மண்டபம் கிடைத்தாலன்றி நாள் உறுதியாகாது. நாள் உறுதியாகாமல் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க இயலாது. அழைப்பிதழ் கைக்கு வாராமல் உற்றார் வீடுகளுக்குச் சென்று அழைக்கவும் இயலாது. அச்சகத்தார் மூன்று நாள் தாமதித்தால், அழைக்கும் நாள்களில் மூன்று குறைந்துபோகும். பட்டுப்புடவை எடுப்பதோ அப்படியன்று. ஒரு வாரம் தள்ளிப்போனாலும் குடிமுழுகிவிடாது. (வீட்டுப் பெண்மணிகள் இதனை ஒப்பமாட்டார்கள்!) இரயில் முன்பதிவோ, 2024 நவம்பர் முதல், பயண நாளுக்கு 60 நாள் முன்னர்தான் தொடங்குகின்றது. நாம் எவ்வளவு விரைந்தாலும் அந்த நாள் முன்னே வாராது.

எந்த வேலை தாமதித்தால் முழுப் பணியும் தாமதிக்கும், எந்த வேலைக்குச் சற்று இடைவெளி உண்டு என்று கணக்கிட்டுக் காட்டும் முறைக்குக் 'கிரிட்டிகல் பாத்' என்று பெயர். 1957ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க நாட்டு டூபான்ட் நிறுவனத்தின் முயற்சியால் அது உருவாயிற்று. அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் 'பெர்ட்' என்னும் முறையை வகுத்தது. முதுகலை மாணவர் இவற்றை ஆயிரக்கணக்கான வேலைகள் பின்னிக் கிடக்கும் திட்டங்களுக்குக் கணினியின் துணையோடு பயன்படுத்தக் கற்கின்றார். செலவு மதிப்பீடு, கொள்முதல், இடர்களை முன்கூட்டி எடைபோடுதல், ஒப்பந்தச் சட்டம் ஆகியவையும் பாடங்களாம். இவற்றுள் ஒப்பந்தச் சட்டத்தையே மாணவர் ஊன்றிப் படிக்க வேண்டும் என்பேன். தாமதம் யாரால் நேர்ந்தது என்ற வழக்கில் பெரும் பொருள் கைமாறுவது இத்தொழிலில் வாடிக்கை.

இக்கல்விக்கு நாட்டில் தேவை உண்டு என்பதில் ஐயமில்லை. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்களைப் புள்ளியியல் அமைச்சகம் கண்காணித்து, காலம் கடந்தவற்றையும் செலவு மீறியவற்றையும் அறிக்கைகளில் பட்டியலிட்டு வந்துள்ளது. நிலம் எடுப்பதில் சிக்கல், வனத்துறை அனுமதியில் சுணக்கம் என்ற காரணங்களை அங்கே மீண்டும் மீண்டும் காணலாம்.

ஆயினும் பட்டம் மட்டும் பணியை முடித்துவிடாது. 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் இரயில் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் கடலில் வீழ்ந்தன. சீரமைக்க ஆறு மாதம் என்று கெடு விதித்தனர். மேலதிகாரி மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலில் கிடந்த கர்டர்களையே மீட்டு மீண்டும் ஏற்றியது அவ்வேகத்துக்கு ஒரு காரணம். கொங்கண் இரயில்வேயும் தில்லி மெட்ரோவும் பின்னர் அவர் தலைமையில் எழுந்தவை. அவர் கல்லூரியில் கற்றது சிவில் பொறியியல். அவர் படித்த நாளில் கிரிட்டிகல் பாத் முறையே பிறந்திருக்கவில்லை.

இதனால் பட்டம் வீண் என்று கொள்ளலாகாது. களத்தில் பலர் பட்டறிந்தவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியதே இக்கல்வி. களத்தையே காணாதவருக்கு அது பாதிதான் விளங்கும். மேஸ்திரி ஏன் இன்று ஆள் கொண்டுவரவில்லை, சிமெண்டு லாரி ஏன் வாயிலிலேயே நிற்கின்றது என்று ஒரு நாளேனும் தவித்தவரே வகுப்பில் கேட்பதன் பொருளை முழுதும் உணர்வார். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தபின் இப்படிப்பில் சேர்வதே தக்கது என்பது என் துணிபு. உலகெங்கும் மதிக்கப்படும் 'பி.எம்.பி.' சான்றிதழின் விதியும் இதற்கு அரண் செய்கின்றது. இளங்கலைப் பட்டம் பெற்றவரும் பொதுவாக 36 மாதங்கள் திட்டப் பணிகளை நடத்திய அனுபவம் காட்டினாலன்றி அத்தேர்வை எழுத இயலாது. நம் முன்னோர் தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் 'ஹையர்' தேறிய சான்றிதழுடன் இரயிலேறி வந்தவர்கள். அச்சான்றிதழ் கைக்கு முன்பே வந்துவிட்ட வேகத்துக்குச் சாட்சியாக நின்றது. பி.எம்.பி.யும் அத்தகையதே.

அயல்நாடு செல்லாமலும் கற்கலாம். நம் நாட்டில் இக்கல்வி பெரும்பாலும் கட்டுமான மேலாண்மையோடு இணைந்தோ எம்.பி.ஏ. படிப்பின் ஒரு பகுதியாகவோ அமைந்துள்ளது. சென்னை, தில்லி ஐ.ஐ.டி.களில் கட்டுமான மேலாண்மைக்கு எம்.டெக். உண்டு, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் எம்.இ. உண்டு. தில்லித் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளியிலும், 1983இல் தொடங்கிய நிக்மார் நிறுவனத்தின் வழிவந்த புணேப் பல்கலைக்கழகத்திலும் இத்துறைக்கெனத் தனிப் படிப்புகள் உள்ளன. வேலையை விட இயலாதவர்க்கு இணையவழி எம்.பி.ஏ. உண்டு. ஆனால் அப்பல்கலைக்கழகமும் அப்படிப்பும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்தபின்னரே பணம் கட்டுங்கள். தொலைபேசியில் அழைத்து, "இன்றே சேர்ந்தால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி" என்பாரிடம் எச்சரிக்கை வேண்டும்.

பிள்ளைக்கு இத்துறையில் நாட்டம் உண்டா என்று அறியச் செலவில்லாத வழியும் உண்டு. ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் திட்ட மேலாண்மைப் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் உள்ளன; கேட்பதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே உண்டு. ஐந்தாறு வாரம் கேட்டும் ஆர்வம் குன்றாதவர், பிப்ரவரியில் நடைபெறும் கேட் தேர்வுக்கு ஆயத்தமாகலாம். அதில் தேறி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். இடமும் உதவித்தொகையும் பெற்றால் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும். தேர்வு மதிப்பெண் மூன்றாண்டு செல்லுபடியாகும். ஆதலின் தேர்வை இப்பொழுதே எழுதி வைத்துவிட்டு, இடையில் வேலைக்கும் போய்வரலாம்.