காலில் எறும்பு ஊர்கிறதா? ரத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது!

மும்பையில் வேலை பார்க்கிறவர்கள் அசதியை ஒரு நோயாக எண்ணுவதே இல்லை. டோம்பிவிலியிலும் அம்பர்நாத்திலும் குடியிருந்துகொண்டு கோட்டைப் பகுதிக்கு வேலைக்கு வருகிறவருக்குப் போக வர மூன்று மணி நேரம் ரெயிலிலேயே கழிகிறது. "அலைச்சல்தான், வேறென்ன?" என்று சொல்லிவிட்டு, மருந்துக் கடையில் ஒரு டானிக் பாட்டில் வாங்கிக் கொள்கிறார்.

பல பேருக்கு அது அலைச்சலாகவே இருக்கும். ஆனால் அசதியோடு வேறு சில தொல்லைகளும் சேர்ந்து வந்தால் விஷயம் வேறு. பாதத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. நாக்கு சிவந்து, வழவழப்பாகி, காரம் பட்டால் எரிகிறது. கைவிரல் முட்டிகள் மட்டும் கறுத்துப் போகின்றன. காலில் இருந்து செருப்பு கழன்றது தெரியாமல் நாலு அடி நடந்து விடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு முகத்துக்குச் சோப்புப் போடும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. சட்டென்று சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடைசி அடையாளம் முக்கியமானது. நம் கால் எங்கே இருக்கிறது, எப்படி மடங்கி இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் நரம்புகள், முதுகுத் தண்டின் பின்பகுதி வழியாக மேலே போகின்றன. அவை பழுதானால் கண் பார்வையின் துணையோடுதான் நிமிர்ந்து நிற்க முடியும். கண்ணை மூடியதும் பிடிமானம் போய்விடுகிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில், நேரத்தோடு கண்டுபிடித்தால் சுலபமாகத் தீர்க்கக் கூடியது 'பி-12' என்ற வைட்டமின் குறைவு.

கடுகளவு கூட வேண்டாம்!

ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி-12 இரண்டு முதல் இரண்டரை மைக்ரோ கிராம். அதாவது, ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் அதில் இரண்டு பங்கு, அல்லது இரண்டரைப் பங்கு. அவ்வளவுதான். அந்த அணுவளவு இல்லாமல் போனால் புது ரத்த அணுக்கள் சரியாக உருவாவதில்லை. நரம்பின் மேல் இருக்கும் உறையும் கெடுகிறது.

அரிசியில் அது இல்லை. பருப்பில் இல்லை. கீரையிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் இருக்கிறது. ஆட்டு ஈரலில் நிறைய உண்டு. நெல்லைச் சீமைக்காரர்களுக்குப் பழக்கமான சாளை, அயிலை மீன்களிலும் தாராளமாக இருக்கிறது. இங்கே மார்க்கெட்டில் 'தார்லி', 'பாங்டா' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்குப் பாலும் தயிரும்தான் கதி. 100 மில்லி பாலில் அரை மைக்ரோ கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே பி-12 இருக்கிறது. ஆகவே பாலும் தயிருமாக நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் உள்ளே போக வேண்டும். மெஸ்சில் சாதம், சாம்பார், ரசம், பொரியல், கடைசியில் தண்ணீராக ஒரு கரண்டி மோர், மாலையில் வடா-பாவ், நடுவில் நாலைந்து 'கட்டிங்' டீ. இந்தச் சாப்பாட்டில் வயிறு நிரம்பும். பி-12 கணக்குத்தான் இடிக்கும். நாலு கட்டிங் டீயில் சேர்ந்த பாலை ஒன்றாக ஊற்றினாலும் ஒரு நல்ல டம்ளர் நிறையாது.

பழைய சோற்றில் பி-12 கொட்டிக் கிடக்கிறது என்றும், 'ஸ்பைருலினா' பாசிப் பொடி போதும் என்றும் செல்போனில் செய்திகள் சுற்றுகின்றன. பழைய சோறு நல்ல உணவுதான்; ஆனால் பி-12-க்கு அதை நம்ப முடியாது. அந்தப் பாசியில் இருப்பதில் பெரும் பகுதி பி-12 மாதிரித் தோற்றம் உடைய வேறு பொருள். மனித உடம்புக்கு அது பயன்படாது.

ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் விரதம் இருப்பதால் இந்தக் குறைவு வந்துவிடுமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். நம் ஈரல் இந்த வைட்டமினைச் சேமித்து வைக்கிறது. சேமிப்பு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கூட வரும். இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஊரை விட்டு வந்து சாப்பாடு மாறிய உடனே ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்துக் கால் மரக்கும்போது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்குத் தோன்றும்?

பக்கத்தில் உள்ள புனேயில், நோய் எதுவும் இல்லாதவர்களாகத் தோன்றிய 441 ஆண்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியாயிற்று. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு பி-12 குறைவாக இருந்தது. கிராமத்து ஆட்களையும் குடிசைப் பகுதி ஆட்களையும் விட நகரத்து நடுத்தர வகுப்பினர்தான் மோசம். அவர்களில் ஐந்துக்கு நாலு பேருக்குக் குறைவு! சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லாத வீடுகளிலும் இந்தப் பஞ்சம் இருக்கிறது.

பரேலில் தொடங்கிய கதை

இந்த நோயின் வரலாற்றில் மும்பைக்கும் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்த சோகை கண்டது. பலர் இறந்தனர். காரணம் புரியவில்லை. பரேலில் உள்ள ஹாப்கின் நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கிய அவர், அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். பிறகு குன்னூர் பாஸ்டியர் நிலையத்திலும், சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை தொடர்ந்தது. ஆங்கிலேயர்கள் ரொட்டியில் தடவித் தின்னும் 'மார்மைட்' என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது நோயாளிகள் பிழைத்தார்கள்! 1931-ல் இதை அவர் வெளியிட்டார்.

மார்மைட்டில் இருந்த சத்து போலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்கக் கம்பெனியில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆந்திரர்.

மேல்நாட்டில் அப்போது இன்னொரு வகை ரத்த சோகை இருந்தது. அது வந்தால் சாவுதான் என்ற நிலையை 1926-ல் பாஸ்டன் நகர டாக்டர்கள் மினோட், மர்பி இருவரும் மாற்றினார்கள். அவர்கள் கொடுத்த மருந்து, தினமும் ஒரு தட்டு ஈரல்! 1934-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் ஈரல் தின்று அலுத்த நோயாளிகளுக்குப் போலிக் அமில மாத்திரை வந்ததும் பெரிய நிம்மதி. ரத்தமும் நன்றாக ஊறியது. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல சிலருக்குக் கால் மரத்தது, நடை தள்ளாடியது. மாத்திரை ரத்தத்தைச் சரிப்படுத்தியது, நரம்பைக் காப்பாற்றவில்லை. ஈரலில் இருந்த உண்மையான சத்தை 1948-ல் சிவப்புப் படிகமாகப் பிரித்து எடுத்தார்கள். அதுதான் பி-12.

டானிக் விஷயத்தில் இன்றும் நடப்பது இதுவே. கடையில் வாங்கும் சத்து மாத்திரைகளிலும் டானிக்குகளிலும் பலவற்றில் இரும்பும் போலிக் அமிலமும் உண்டு. குடித்தால் முகத்தில் கொஞ்சம் தெளிவு வரும். ரத்தப் பரிசோதனைச் சீட்டும் ஒழுங்காகத் தெரியும். நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் இரும்பு - போலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது அவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டும். பி-12 எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் கூடவே கேட்க வேண்டும்.

சர்க்கரை என்று நினைத்தால்?

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் மரத்தால், "சர்க்கரைதான் காரணம்" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். சர்க்கரையும் நரம்பைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த நோய்க்குப் பெரும்பாலோர் சாப்பிடும் 'மெட்பார்மின்' மாத்திரை, ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது பி-12 உடம்பில் சேருவதைக் குறைக்கிறது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கால் மரப்பு போன்ற குறிகள் கண்டால் பி-12 அளவைப் பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022-ல் டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. அதற்காக மெட்பார்மினைத் தானாக நிறுத்துவது தவறு.

'கியாஸ் மாத்திரை'யும் அப்படித்தான். நேரம் தவறிச் சாப்பிட்டு நெஞ்சு எரிகிறது என்று, ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரைகளைக் காலையில் பல் விளக்கியதும் விழுங்குவதை வருடக்கணக்கில் வழக்கமாக வைத்திருக்கிறவர்கள் பலர். உணவில் இருந்து பி-12-ஐப் பிரிப்பதற்கு இரைப்பை அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கினால் இதுவும் குறையும்.

மீனும் ஈரலும் தின்கிறவருக்கும் இந்த நோய் வரலாம். இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள்தான் பி-12-ஐக் கைப்பிடித்துக் குடலின் கடைசிப் பகுதிக்குக் கொண்டு சேர்க்கிறது. அந்தப் பொருள் சுரக்காதவர்களுக்கும், இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் என்ன தின்றாலும் பயன் குறைவு. அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும்.

முதலில் ரத்தம், பிறகு ஊசி

சயன் ஆஸ்பத்திரி, கே.இ.எம். போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் கேஸ் பேப்பர் எடுத்துக் காட்டலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அங்கே கேட்கலாம். மரத்துப் போவது, தள்ளாடுவது, மறதி, நாக்கு எரிச்சல் எல்லாவற்றையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். "அசதி" என்று மட்டும் சொன்னால் கூட்டத்தில் ஒரு டானிக் எழுதிக் கொடுப்பதோடு முடிந்துவிடக் கூடும்.

ரத்தத்தில் பி-12 அளவு 200-க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைவு என்று கொள்கிறார்கள். சிவப்பணுக்கள் வழக்கத்தை விடப் பெரிதாக இருப்பதும் ஓர் அடையாளம். ஆனால் இரும்புச் சத்தும் சேர்ந்து குறைந்திருந்தால், அணுக்கள் பெரிதாகத் தெரியாமல் ஏமாற்றும். ஊசி போட்டுக்கொண்ட பிறகு சோதனைக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே முதலில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு ஊசி.

முதலில் தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்ற முறையில் ஊசி போடுவது வழக்கம். நோய் லேசாக இருந்தால் 1,000 மைக்ரோ கிராம் மாத்திரையே போதும் என்று டாக்டர் சொல்லலாம். முதல் வாரத்திலேயே புது ரத்தம் ஊறத் தொடங்கும். பசி எடுக்கும், நாக்கு ஆறும். இரண்டு மாதத்தில் ரத்த சோகை ஏறக்குறைய நீங்கிவிடும். இங்கேதான் பலர் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள்! நரம்புக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. அது தேற மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். மரத்துப் போய்ச் சில மாதங்களுக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறார்கள். வருடக்கணக்கில் விட்டவர்களுக்குக் கொஞ்சம் குறை நின்றுவிடலாம்.

அந்த இடைக்காலத்தில் பத்திரமாக இருந்தாக வேண்டும். பாதம் எங்கே படுகிறது என்று தெரியாத நிலையில் ரெயில் வாசலில் தொங்கிக்கொண்டு வருவது உயிரோடு விளையாடுவது. ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் ஏறலாம். கட்டிட வேலைக்காரர்கள் சாரம் ஏறக் கூடாது. மேஸ்திரியிடம் சொல்லிக் கீழே உள்ள வேலையைக் கேட்டு வாங்க வேண்டும். குளிக்கும்போது ஸ்டூல் போட்டு உட்கார்வது நல்லது. ராத்திரி எழுந்தால் விளக்கைப் போட்ட பிறகே நடக்க வேண்டும். பின்பக்கம் வார் உள்ள செருப்பு கழலாது. சுடுதண்ணீரைக் காலில் ஊற்றும் முன்னால் வீட்டில் வேறு யாராவது தொட்டுப் பார்க்கட்டும்.

எரிச்சல், மறதி, எதிலும் பிடிப்பு இல்லாமை ஆகியவையும் இந்தக் குறைவால் வரலாம். "முன்பெல்லாம் இப்படிக் கோபப்படமாட்டார்" என்று மனைவி சொன்னால், டாக்டரிடம் அவரையே அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்கும் உண்டு

தாய்க்கு பி-12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறைகிறது. அப்படிப்பட்ட குழந்தை பார்க்கக் கொழுகொழு என்றே இருக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் ஆகியும் வேறு உணவு கொடுக்காமல் தாய்ப்பாலிலேயே வளர்ந்த குழந்தை, வெளுத்துப் போய், சிரிப்பதை நிறுத்தி, உட்கார்ந்து கொண்டிருந்தது மறுபடி சாய்ந்து, கை கால் நடுங்கினால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குழந்தை வளரும் மூளைக்காரன். பெரியவர்களைப் போல அதற்கு மாதக்கணக்கில் அவகாசம் கிடையாது. தாய்க்கும் சேர்த்துச் சிகிச்சை தேவை.

மாத ஊசியில் இருக்கிறவர்கள் கோடை லீவுக்கு ஊருக்குப் போகும்போது, மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி மூன்றும் எழுதிய சீட்டைக் கையோடு கொண்டு போகவும். திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ உள்ள டாக்டர் அதைப் பார்த்து அடுத்த ஊசியை அங்கேயே போட்டுவிடுவார்.