மணி ஓயாமல் அடித்தால்?

நீங்கள் வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வாசலில் மணி அடிக்கிறது. எழுந்து போய்க் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து கணக்கைத் தொடர்கிறீர்கள். கணிப்பொறியும் இப்படித்தான் செய்கிறது. வெளியிலிருந்து ஒரு செய்திப் பொட்டலம் வந்ததும் நெட்வொர்க் அட்டை, மையச் செயலகத்துக்கு ஒரு மின்குறிப்பு அனுப்புகிறது. இதுவே குறுக்கீடு. செயலகம் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, அந்த அட்டைக்கென்றே எழுதப்பட்ட ‘டிரைவர்’ என்னும் நிரலை இயக்கிப் பொட்டலத்தை எடுத்து வரிசையில் வைக்கிறது.

மணி எப்போதாவது அடித்தால் இதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் வினாடிக்கு 100 கோடி பிட்டுகளைச் சுமக்கும் ஈதர்நெட் கம்பியில், மிகச் சிறிய பொட்டலங்கள் வினாடிக்கு ஏறத்தாழ 14,88,000 வரை வரலாம்! அத்தனைக்கும் மணி அடித்தால் என்ன ஆகும்? செயலகம் வாசலுக்கும் வரிசைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். வரிசையில் உள்ளவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டிய நிரலுக்கு முறையே வராது. வரிசை நிரம்பியதும், பாடுபட்டு எடுத்து வந்த பொட்டலங்களையே தூக்கி எறிய நேரும். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கணிப்பொறி செத்துக் கிடக்கிறது; உள்ளேயோ அது ஓய்வின்றி உழைக்கிறது. வேடிக்கையான நோய்தான்!

இதை ஆராய்ந்து ஜெஃப்ரி மொகுல், கே. கே. ராமகிருஷ்ணன் இருவரும் 1996இல் ஒரு மருந்து சொன்னார்கள். லினக்ஸ் டிரைவர்களும் பின்னர் இதே வழிக்கு வந்தன. முதல் மணி அடித்ததுமே டிரைவர் மணியை நிறுத்திவிடும். பிறகு தானே போய், ஒரு தடவைக்கு இத்தனை என்ற அளவோடு பொட்டலங்களை எடுக்கும். லினக்ஸில் அந்த அளவு பொதுவாக 64. அதற்கு மேலும் இருந்தால், மற்ற வேலைகளுக்கும் இடம் விட்டு மறுபடி வரும். இதற்குள் இடம் நிரம்பிவிட்டால் அட்டையே புதிய பொட்டலங்களைக் கைவிட்டுவிடும். இழப்புதான், ஆனாலும் அதற்காகச் செயலகம் ஒரு கணமும் உழைக்கவில்லை அல்லவா?

எல்லாம் எடுத்து முடிந்ததும் மணியைத் திரும்ப இயக்க வேண்டும். பிழைகள் மலிந்த இடம் இது. கடைசியாகப் பார்த்ததற்கும் மணியை இயக்கியதற்கும் இடையே ஒரு பொட்டலம் நுழைந்துவிட்டால்? சில அட்டைகள் அதற்காக மணி அடிப்பதில்லை. அடுத்த பொட்டலம் வரும்வரை அது கேட்பாரற்றுக் கிடக்கும். எனவே இத்தகைய அட்டைகளுக்கான டிரைவர், மணியை இயக்கிய பிறகும் ஒரு முறை வாசலை எட்டிப் பார்க்கிறது.