வாப்பாவின் பழைய போனுக்கு ஒரு புதிய கேர்னல்

வாப்பாவின் போன் வாங்கி ஏழு வருடம். திரையும் பட்டரியும் நன்றாகவே இருக்கின்றன. புதிய பதிப்புகள் வருவது நின்றதால் எங்கள் வகுப்பு இணையத்தளம் மட்டும் அதில் திறக்காது. முள்ளிக்குளத்தில் எங்கள் வீட்டில் மீதமிருந்தது ஒரே போன். தங்கச்சிக்குச் சாதாரண தரம், எனக்கு உயர்தரம். இரவில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கேர்னல் என்பது வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் நடுவில் நிற்கும் நிரல். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கேர்னல்தான் எல்லா அன்ட்ரொய்ட் போன்களுக்குள்ளும் ஓடுகிறது. அதன் மூலநிரல் எவருக்கும் திறந்தது. பழைய போன்களைப் பத்து வருடம் உழைக்க வைக்கும் நோக்கத்தோடு 2017இல் வெளிவந்த போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் அதையே பயன்படுத்துகிறது.

கணினியைப் போல, போனில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கேர்னல் தானாகக் கண்டுபிடிக்காது. 'டிவைஸ் ட்ரீ' என்ற கோப்பில் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் போனுக்கு அது கிடைக்கவில்லை. அதே சிப் உள்ள வேறொரு போனுடையதை எடுத்துத் திருத்தினேன். அடுத்தது உள்ளமைவு. ஆயிரக்கணக்கான கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, அல்லது 'மொடியூல்', அதாவது தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று பதில்.

அங்கேதான் பிழைத்தேன். சேமிப்பகத்துக்கான டிரைவரை மொடியூலாக்கிவிட்டேன். அந்த மொடியூல் இருப்பதோ அதே சேமிப்பகத்துக்குள்! பெட்டிக்குள்ளேயே திறப்பை வைத்துப் பூட்டிய கதை.

நானாவின் பழைய மடிக்கணினியில் இஷாவுக்குத் தொடங்கிய தொகுப்பு, ஸுபஹு பாங்கு கேட்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் கேர்னல், டிவைஸ் ட்ரீ, தொடக்கக் கோப்புகள் மூன்றையும் ஒரே பொதியாகக் கட்ட வேண்டும். போன் விழிக்கும்போது தேடுவது அந்தப் பொதியைத்தான்.

போனின் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மௌத்தான உம்மம்மாவின் குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. அவற்றை இரண்டு இடங்களில் பிரதியெடுத்துக் காட்டிய பிறகே வாப்பா போனைத் தந்தார். பொதியையும் முதலில் நினைவகத்தில் மட்டும் ஏற்றிப் பார்த்தேன். பிழைத்தால் அணைத்துப் போட்டால் போதும். நான்கு தடவை கறுப்புத் திரை. ஐந்தாவதில் எழுத்துகள் ஓடின.

இப்போது வைபை வேலை செய்கிறது, வகுப்பும் திறக்கிறது. கெமராவும் அழைப்பும் இல்லை.

"கதைக்க ஏலாத போன் என்ன போன் மகள்?" என்கிறார் வாப்பா. மொடெம் பகுதியை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.