பத்து மாட்டு விலையில் ஒரு காமிரா!

அம்மா வாங்கிக் கொடுக்கச் செய்தாள்; மகன் பனிப்பூவைப் படம் பிடித்தான்

ஒரு காமிரா. அதோடு ஒரு மைக்ராஸ்கோப். இரண்டும் சேர்த்து விலை 100 டாலர்.

1880-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஒரு சிறு விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய தொகை தெரியுமா? பத்துக் கறவை மாடுகளின் விலை!

கேட்டவன் 17 வயதுப் பையன். எதற்குக் கேட்டான்? கல்யாணத்தைப் படம் பிடிக்கவா? பிழைப்புக்கு ஸ்டூடியோ வைக்கவா? இரண்டும் இல்லை. வானத்திலிருந்து விழும் பனியைப் படம் பிடிக்க!

எந்தத் தகப்பனார்தான் சம்மதிப்பார்?

அந்தப் பையனின் பெயர் வில்சன் பென்ட்லி. ஊர், வெர்மாண்ட் மாநிலத்தில் உள்ள ஜெரிக்கோ. பிறந்தது 1865-ம் ஆண்டு. அந்த ஊர்ப் பனி நமது மார்கழிப் பனி அல்ல. பஞ்சு போல் வானிலிருந்து கொட்டும் வெண்பனி. குளிர்காலம் வந்தால் வயலும் வீட்டுக் கூரையும் வெள்ளையாகிவிடும்.

அம்மா கொடுத்த பரிசு

பென்ட்லியின் தாயார் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகனுக்கு 14 வயது வரை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். தாம் வேலை பார்த்தபோது பயன்படுத்திய பழைய மைக்ராஸ்கோப் ஒன்று அவரிடம் இருந்தது. மகனின் 15-வது பிறந்த நாளில் அதை அவனுக்குக் கொடுத்தார்.

அன்றிலிருந்து பையனுக்கு வேறு நினைப்பே இல்லை. இறகை வைத்துப் பார்த்தான். பூவிதழை வைத்துப் பார்த்தான். ஒரு பனித்துகளை வைத்துப் பார்த்தபோது பிரமித்துப் போனான். ஆறு இதழ்! நம் வீட்டு வாசலில் போடும் கோலம் போல ஒழுங்கான வடிவம்! அடுத்த துகளில் வேறு கோலம்!

இந்த அழகை நாம் மட்டும் பார்த்தால் போதுமா? பிறருக்கும் காட்ட வேண்டாமா? காகிதத்தில் வரைய முயன்றான். பாதி வரைவதற்குள் துகள் உருகிப் போகும். மூன்று குளிர்காலம் இப்படியே போயிற்று. உருகுவதற்குள் பிடித்துவிட ஒரே வழி காமிராதான் என்று அவனுக்குத் தோன்றியது.

தாயார் எப்படியோ பேசித் தகப்பனாரைச் சம்மதிக்க வைத்தார். காமிரா வந்தது. ஆனால் அதனால் ஒரு பயன் உண்டு என்று தகப்பனார் கடைசி வரை நம்பவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? மாடு பால் கொடுக்கும். பனிப் படம் என்ன கொடுக்கும்?

மூச்சு விடக்கூடாது!

காமிரா வந்ததும் படம் வந்துவிடவில்லை. முதலில் எடுத்தவை வெறும் நிழல்களாகவே விழுந்தன. சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. தானே தட்டுத் தடுமாறிக் கற்றான். 1885-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதிதான் முதல் நல்ல படம் கிடைத்தது. அப்போது அவனுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

பென்ட்லி படம் எடுத்த முறையைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும்.

வீட்டின் பின்பக்கம் ஒரு கொட்டகை. அங்கே கணப்பு கிடையாது. கதகதப்பாக இருந்தால் பனி உருகிவிடுமே! பனி கொட்டும்போது ஒரு கறுப்புத் தட்டை வெளியே நீட்டுவார். கையின் சூடு படாமல் இருக்கத் தட்டுக்குக் கம்பிக் கைப்பிடி. கையில் கனமான உறை. விழுந்த துகள்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மெல்லிய குச்சியால் அதை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைப்பார். ஒரு பறவை இறகால் பட்டும் படாமலும் அழுத்துவார்.

இத்தனையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு! மூச்சுக் காற்று பட்டால் போதும், பனிப்பூ கண்ணீர்த் துளியாகிவிடும்.

பிறகு மைக்ராஸ்கோப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வைப்பார். காமிராவை அதோடு இணைப்பார். பின்னால் நின்று பார்த்தால் முன்னால் உள்ள திருகு கைக்கு எட்டாது. அதற்காகச் சக்கரமும் கயிறும் கட்டி, பின்னால் இருந்தே திருப்ப வழி செய்தார். ஒரு படம் பதிய 10 முதல் 100 விநாடி வரை ஆகும். படத்தைக் கழுவிய பிறகு, பூவைச் சுற்றியுள்ள இடத்தைக் கத்தியால் பொறுமையாகச் சுரண்டுவார். அப்படிச் செய்தால்தான் கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பூ பளிச்சென்று தெரியும்.

ஒரு முறை இப்படி எடுத்துப் பார்த்தாலே பலருக்குப் போதும் என்றாகிவிடும். அவர் சுமார் 46 குளிர்காலம் எடுத்தார்! 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் ஒன்றைப் போல் இன்னொன்றை அவர் காணவில்லை.

காரணம் உண்டு. நீர் உறையும்போது அதன் அணுக்கூட்டங்கள் ஆறு மூலையாக அடுக்கிக் கொள்கின்றன. மேகத்திலிருந்து இறங்கும் வழியில் குளிரும் ஈரமும் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துகளும் வரும் வழி வேறு. ஆகவே வடிவமும் வேறு.

ஆறே பேர்!

ஊரார் என்ன சொன்னார்கள்? சிரித்தார்கள். ஒரு முறை, ஊராருக்குப் படங்களைக் காட்டிப் பேசப்போவதாக அவர் அறிவித்தார். கட்டணம் இல்லை. அன்று மாலை வானிலையும் நன்றாகவே இருந்தது. வந்தவர்கள் ஆறே பேர்!

அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை. துணி காயப்போடும் கொடியில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, நண்பர்கள் வீட்டுப் புல்தரையில் படம் காட்டுவார். பெரியவர்களும் குழந்தைகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள். விலைக்குக் கேட்டவர்களுக்கு ஒரு கண்ணாடிப் படம் ஐந்தே சென்ட். 1926 வரை படங்களுக்காக அவர் செலவிட்டது 15 ஆயிரம் டாலர். திரும்பி வந்தது 4 ஆயிரம் டாலர். தகப்பனார் போட்ட கணக்கு, பணத்தைப் பொறுத்தவரை சரியாகத்தான் இருந்தது!

வயிற்றுப்பாட்டுக்கு விவசாயம்தான். சகோதரர் சார்லசும் அவர் குடும்பமும் அதே வீட்டின் மறுபாதியில் இருந்தார்கள். பென்ட்லி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நோயுற்ற தாயாரை, 1906-ல் அவர் இறக்கும் வரை பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டார்.

மாவில் மழை

பனி இல்லாத மாதங்களில் பென்ட்லி சும்மா இருந்தாரா? சிலந்தி வலையில் பனித்துளி முத்துப் போல் கோத்து நிற்குமே, அதைப் படம் பிடித்தார். இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. மார்கழி விடியலில் வேலி ஓரம் போனால் போதும். கையில் உள்ள செல்போனே தாராளம். வலைக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, தம்பியையோ தங்கையையோ ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்ல வேண்டும். பென்ட்லி கத்தியால் சுரண்டிக் கொண்டுவந்த கறுப்பைத் துணி கொடுத்துவிடும். வலை ஆடாமல் இருக்க, மூச்சை மட்டும் அவரைப் போலவே பிடித்துக்கொள்ள வேண்டும்!

மழைத்துளியின் அளவை அறிய அவர் ஒரு வழி கண்டார். தட்டில் ஓர் அங்குல உயரத்துக்குச் சலித்த மாவைப் பரப்பி, சில விநாடி மழையில் நீட்டுவார். ஒவ்வொரு துளியும் மாவில் ஓர் உருண்டையாகும். காய்ந்த பின் உருண்டையை அளப்பார். அந்த முடிவுகளை 1904-ல் வெளியிட்டார். அம்மா அனுமதித்தால் எந்த வீட்டுக் குழந்தையும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு கிண்ணம் மாவுதான் செலவு.

1931 நவம்பரில், 2,400-க்கும் மேற்பட்ட படங்களுடன் அவர் புத்தகம் வெளிவந்தது. அடுத்த மாதம் பனிச்சேற்றில் ஆறு மைல் நடந்து வீடு திரும்பினார். நிமோனியா கண்டது. டிசம்பர் 23-ந் தேதி, அதே பண்ணை வீட்டில் காலமானார். வயது 66.

வாழ்நாள் முழுவதும் அவர் பயன்படுத்தியது ஒரே காமிராவைத்தான். 17 வயதில் அம்மா பேசி வாங்கிக் கொடுக்கச் செய்த அதே காமிரா!