உழவு இயந்திரக் கலப்பையின் சட்டமும் பூட்டும்

கலப்பை வாங்கச் செல்லும் கமக்காரர் முதலிற் கொழுவைத் தட்டிப் பார்ப்பர். பின்னர்ப் பூச்சைப் பார்ப்பர். கொழு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் முறுகினாலோ கருவி முழுவதும் பயனற்றதாகும். ஆதலின் கொழுக்களைத் தாங்கும் சட்டத்தைப் பற்றியும், அதனை இயந்திரத்தோடு சேர்க்கும் பூட்டைப் பற்றியும் ஈண்டுக் கூறுவாம்.

நாற்சில்லு உழவு இயந்திரத்தின் பின்புறத்தே கீழே இரு கைகளும் மேலே ஒரு கோலும் உள. இம் மும்முனைப் பூட்டை வகுத்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்குசன் என்பவர். அவருடைய ஏற்பாடு அமைந்த இயந்திரம் 1936 இல் விற்பனைக்கு வந்தது. 1939 இல் போட் நிறுவனத்தின் இயந்திரத்திலும் அது இடம்பெற்றது. கலப்பையை ஒற்றைக் கொளுக்கியால் இழுத்த காலத்திற் கொழு வேரில் மாட்டியதும் முன்சில்லுகள் மேலெழுந்து இயந்திரம் ஓட்டுநர்மீது கவிழ்தல் உண்டு. மும்முனைப் பூட்டில், மாட்டிக்கொண்ட கருவி முன்னோக்கிச் சாய முயன்று மேற்கோலைத் தள்ளும். அத்தள்ளுதல் முன்சில்லுகளை நிலத்தோடு அழுத்தும்.

ஆயின் ஓர் எச்சரிக்கை. மேற்கோல் பூட்டும் இடத்திற் சங்கிலியை மாட்டி மரக்குற்றியையோ சேற்றிற் புதைந்த வண்டியையோ இழுத்தல் உயிருக்கே இறுதியாகும். இழுப்பதாயின் தாழ உள்ள இழுவைச் சட்டத்திலேயே மாட்டுக.

இனிச் சட்டம். ஓரத்துக் கொழு கல்லில் இடிக்கும்போது அச்சுமை சட்டத்தை வளைப்பதோடு முறுக்கவும் செய்யும். முறுக்கைத் தாங்குவதிற் கோண இரும்பினும், நாற்புறமும் மூடிய பெட்டி வடிவ இரும்பு, எடை ஒத்ததாயினும், பன்மடங்கு வலிது. பிளந்த மூங்கிலையும் பிளவாத மூங்கிலையும் கையால் முறுக்கிப் பார்ப்பவர்க்கு இது விளங்கும். சட்டத்திற் பல துளைகளிட்டுக் கொழுத்தண்டுகளை முடுக்குவதிலும் பார்க்க, வெளியே பற்றும் பிடிகளாற் பூட்டுதல் நன்று. சட்டம் பலங் குன்றாது. மிளகாய்க்கும் சோளத்திற்கும் வேண்டியவாறு இடைவெளியை மாற்றவும் இயலும்.

கொழுத்தண்டுகள் முன்னும் பின்னுமாக இரு வரிசையில், நடுக்கோட்டிற்கு இருபாலும் ஒத்து நிற்றல் வேண்டும். ஒரே வரிசையில் நெருங்க நிறுத்தினால் அது கலப்பையன்று, வைக்கோல் வாரியே. வலிகாமத்துச் செம்மண்ணிற் சுண்ணக்கல்லும், புதிதாகத் திருத்திய வன்னிக் காணிகளில் வேரும் மறைந்து கிடத்தலால், அங்கெல்லாம் வில்லுப் பொருத்திய தண்டுகளே தகுந்தவை. தண்டு பின்வாங்கித் தடையைக் கடந்து மீளும்.

விதையிடு கருவிக்கு வேறொரு தேவை உண்டு. ஒவ்வொரு வரிசையின் விதைப்பானும் தனித்தனியே ஏறி இறங்கும் கைகளில் தொங்க வேண்டும். சட்டத்தோடு விறைப்பாகப் பிணைத்தால் மேட்டில் விதை ஆழப் புதையும். பள்ளத்தில் மேலே கிடந்து காகத்திற்கு இரையாகும்.

கருவி எத்துணைப் பின்தள்ளி நிற்கிறதோ அத்துணை முன்சில்லு இலேசாகும்; வரம்பேறும்போது சுக்கான் பிடிக்காது. ஆகவே சட்டம் இயந்திரத்தை அண்மி நிற்கும் கருவியையே தெரிக. பூட்டாணிகளின் அளவையும் நோக்குக. முதலாம் வகைப் பூட்டிற் கீழாணி 7/8 அங்குலம், மேலாணி 3/4 அங்குலம்; இரண்டாம் வகையில் முறையே 1 1/8, 1 அங்குலம். பெரிய துளையிற் சிறிய ஆணியை இடின் உரிய வளையத்தைச் செருகுக. சாதாரண முடுக்காணியை அதற்குப் பதிலாக இடுவோர் பலர்; அதன் புரி தேய்ந்து, வயல் நடுவே அறும்.

பூட்டியபின் சமநிலத்தில் நிறுத்திப் பார்க்க. மேற்கோலைக் குறுக்கினால் முன்வரிசைக் கொழு ஆழும். நீட்டினாற் பின்வரிசை ஆழும். இரண்டும் ஒரே ஆழத்திற் செல்லும்வரை திருத்துக. வலமிடச் சரிவைத் தூக்குகோலின் திருகு கொண்டு நேராக்குக. முதல் ஏக்கர் உழுதபின் எல்லா முடுக்குகளையும் மீண்டும் இறுக்கி, ஒட்டிய மூட்டுகளைத் துடைத்துப் பார்க்க. பூச்சின்மேல் மயிரிழைபோற் துருக்கோடு தோன்றின் அது வெடிப்பாகும். அதன்மேல் மேலும் ஒட்டுதல் போதாது. வெடிப்பை அடிவரை தேய்த்தெடுத்த பின்னரே ஒட்டுவிக்க.