ரயில்காரர்கள் ஏந்திய துப்பாக்கி

அம்பத்தூரிலும் ஆவடியிலும் தினமும் மின்சார ரயில் பிடிப்பவர்கள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையில்தான் பயணிக்கிறார்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மெட்ராஸ் ரயில்வே வண்டி ஓடியது. அடுத்த ஆண்டே வடக்கில் பெருங்கிளர்ச்சி வெடித்தது. படைகளை விரைந்து நகர்த்த ரயிலே கதி என்று ஆங்கிலேய அரசு முடிவுகட்டியது.

ஆனால் தண்டவாளத்தைக் காப்பது லேசான காரியமல்ல. கோட்டையைச் சுற்றிக் காவல் போடலாம். பாதையோ நூற்றுக்கணக்கான மைல் நீள்கிறது. எங்கோ ஒரு பாலம் தகர்ந்தாலும், தந்திக்கம்பி அறுந்தாலும் வண்டிகள் நின்றுவிடும். அத்தனை தூரத்துக்கும் சிப்பாய்களை நிறுத்த எந்தக் கஜானாவும் தாங்காது. பாதையோரமே குடியிருக்கும் டிரைவருக்கும் கார்டுக்கும் ஃபோர்மேனுக்கும் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தால் என்ன? எஞ்சினும் சிக்னலும் அறிந்தவர்கள். பெயர்ந்த பாதையைச் சீராக்கவும் தெரிந்தவர்கள். இந்தக் கணக்கில் பிறந்தவைதான் ரயில்வே தொண்டர் படைகள். தென்னிந்திய ரயில்வேயின் ரைஃபிள் படை 1884இல் உருவானது.

இத்தகைய படைகளில் சேர்வது விருப்பம் சார்ந்தது என்பது ஏட்டளவில்தான். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய ஊழியர்களுக்குப் பல கம்பெனிகள் அதை வேலை நிபந்தனையாகவே வைத்திருந்தன. வெயிலிலும் மழையிலும் பாதையைப் பராமரித்த கேங்மேன், பாயின்ட்ஸ்மேன் போன்ற இந்தியத் தொழிலாளர்களுக்கோ அங்கே இடமில்லை. 1878 ஆயுதச் சட்டமும் இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. தொண்டர் படையில் இந்தியரைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை 1887 சென்னை காங்கிரஸ் மாநாட்டிலும் எழுந்தது. அரசு இணங்கவில்லை. என் பார்வையில், எந்த எதிரியை நினைத்து அந்தத் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

1920இல் இப்படைகள் துணைப்படைச் சட்டத்தின் கீழ் வந்தன, 1947இல் கலைந்தன.

ரயில்காரர்களையே வீரர்களாக்கும் யோசனை மட்டும் சாகவில்லை. 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி, பகுதிநேர வீரர்களைக் கொண்ட பிராந்திய ராணுவத்தைத் தொடங்கிவைத்தார். அதன் ரயில்வே பிரிவுகளில் இன வேறுபாடின்றி ஊழியர்கள் சேர முடிந்தது. 1974 மே மாதம் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது வண்டிகளை ஓட்ட பிராந்திய ராணுவம் அழைக்கப்பட்டது. வேலையை நிறுத்தியவரும் ரயில்வே ஊழியர், சீருடையணிந்து எஞ்சினில் ஏறியவரும் ரயில்வே ஊழியர்.