மைலேஜ் எவ்வளவுங்க?

நாமக்கல்காரனுக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் முதல் கேள்வி மைலேஜ்தான். விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சிக்கு நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக்குள் நுழைந்ததும் அதையேதான் கேட்டேன். (பி.காம். புத்தி!) சுற்றிக்காட்டியவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்.

டீசல் எஞ்சின், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற. எஞ்சின் ஓடக் காற்று வேணும். அதுக்காக அவ்வப்போது மேலே வந்து குழாயை நீட்டியாகணும். எதிரியிடம் மாட்டுவது அப்போதுதான். தண்ணிக்குள் வேகம் மணிக்கு சுமார் 28 கி.மீ. நம்ம டி.வி.எஸ். 50 முந்திடும்! அதுவும் முழு வேகத்தில் போனால் பேட்டரி சீக்கிரமே காலி.

2016-ல் கடற்படையில் சேர்ந்த அரிஹந்த், அணுசக்தியில் ஓடுவது. அதன் உலைக்கு முன்மாதிரி ஓடியது நம்ம கல்பாக்கத்தில். காற்றும் வேண்டாம், பங்க்கும் வேண்டாம். சாப்பாட்டுச் சாமான் தீரும்வரை உள்ளேயே கிடக்கலாம்.

அப்போ டீசல் தோத்துடுச்சா? அவசரப்படாதீங்க. அணு உலையின் சூட்டைத் தணிக்க பெரும்பாலும் பம்பு ஓடிக்கிட்டே இருக்கணும், சத்தம் வரும். டீசல் நீர்மூழ்கியோ எஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரியில் மூச்சுக் காட்டாமல் பதுங்கும்.

1971 டிசம்பர் 9. டையூ அருகே நம் குக்ரி போர்க்கப்பலை மூழ்கடித்த பாகிஸ்தானின் ஹாங்கோர், டீசல் நீர்மூழ்கிதான். நம் வீரர்கள் 194 பேர் திரும்பவில்லை.

ஓடிப் பிடிக்க அணு. ஒளிஞ்சு அடிக்க டீசல். வெளியே வந்து கடலைப் பார்த்தேன். மைலேஜ் கணக்கு மறந்தே போச்சு.